வெறும் வயிற்றோடு ராட்டின ரயிலுக்கு

ஏற்காட்டில் கடை வைத்திருப்பவர் யாரும் மே மாதம் ஊரை விட்டு நகர முடியாது. மற்றவர்கள் சுற்றுலா கிளம்பும் மாதம்தான் எங்களுக்கு வியாபார மாதம். பள்ளிகள் திறந்ததும் கூட்டம் மலை இறங்கிவிடும். ஆடியில் மூடுபனியும் தூறலும் தவிர ஊர் நடுவில் உள்ள ஒண்டிக்கடைச் சந்திப்பில் எதுவும் நடமாடாது. ஆகவே நாங்கள் எங்காவது போவதென்றால் அது ஆடியில்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், சென்னைக்கு வெளியே கடற்கரைச் சாலையில் புதிதாக வந்திருந்த கேளிக்கைப் பூங்காக்களுக்கு வேன் எடுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தோம்.

அப்போது நான் ஒண்டிக்கடையில் பத்திரிகைக் கடை வைத்திருந்தேன். ஒரு நாளிதழின் சேலம் பதிப்புக்குப் பகுதிநேர நிருபராகவும் இருந்தேன். காட்டெருமை காப்பித் தோட்டத்துக்குள் புகுந்தது, மரம் விழுந்து மலைப்பாதை அடைபட்டது, கோடை விழாவுக்கு அமைச்சர் வந்தது ஆகியவை என் செய்திகள். பயணத்துக்குத் தகவல் திரட்டும் வேலை அதனால் என்னிடம் வந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பு எதிர்க்கடை பாய். மளிகைக் கடைக்காரர். அவர் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பே சேலத்திலிருந்து மேலே வந்துவிட்டது. கல்யாணமோ, கட்டட வேலையோ, எதையும் அவர் தலைமையில்தான் ஊரில் ஆரம்பிப்பார்கள்.

யோசனையைக் கிளப்பியது என் மனைவி. கடைக்கு வந்த வண்ண இதழ் ஒன்றில் ரோலர் கோஸ்டரின் முழுப்பக்கப் படம் வந்திருந்தது. உச்சியிலிருந்து கீழே கவிழப் போகும் பெட்டிகள், கைகளை மேலே தூக்கியபடி மனிதர்கள். விற்காத பிரதிகளை மாதக் கடைசியில் திருப்பி அனுப்பும்போது அந்த இதழில் ஒன்று குறைந்தது. கேட்டதற்கு, அரிசி டின்னுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"நான் இதுல ஏறோணுமுங்க" என்றாள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில், ஆத்தூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டைத் தவிர வேறெங்கும் போக வேண்டுமென்று அவள் கேட்டதில்லை. பாயிடம் சொன்னேன். அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஊர் முழுக்க அதை ராட்டின ரயில் என்று சொல்லத் தொடங்கியதும் அவர்தான்.

தகவல் திரட்ட நான் எங்கும் போகவில்லை. மே மாதம் முழுக்கச் சென்னைக்காரர்கள் காலையில் பேப்பர் வாங்க என் கடைக்குத்தான் வருவார்கள். சில்லறை எடுக்கும் நேரத்தில் கேட்டுவிடுவேன். பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கும், வாரத்தில் எந்த நாள் கூட்டம் குறைவு, புடவையோடு ஏற விடுவார்களா, வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாமா. பதில்களைக் குறிப்பேட்டில் எழுதினேன். ஒரே தகவலை இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் அது செய்தி என்பது அலுவலகத்தில் எனக்குக் கற்பித்திருந்த விதி. ரயில் தலைகீழாகப் போகும் என்று ஒருவர் சொன்னார். தன் கணவரின் மூக்குக் கண்ணாடியே விழுந்துவிட்டது என்று ஓர் அம்மாள் சொன்னார். இரண்டு பேர் ஆகிவிட்டது. தலைகீழாகப் போகும் என்று அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன்.

அந்த வரிதான் என் மனைவிக்கு எதிராகப் போனது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் அடிக்கடி போய்வருகிற எல்லோருக்கும், யாருக்கு எந்த வளைவில் வாந்தி வரும் என்பது தெரியும். கண்டக்டர் கேட்காமலேயே ஜன்னலோர இடம் ஒதுக்குவார். மலையில் பிறந்தவர்களுக்கு அநேகமாக எந்த வளைவும் இல்லை, அதில் அவர்களுக்கு ஒரு மிதப்பும் உண்டு. என் மனைவி ஆத்தூர்க்காரி. ஏறும்போது பதினொன்றாம் வளைவு, இறங்கும்போது ஏழாவது. பன்னிரண்டு வருடத்தில் இந்தக் கணக்கு மாறியதில்லை.

திட்டம் போட ஒரு நாள் மத்தியானம் பாய் கடையில் உட்கார்ந்தோம். பாய், அவருடைய மனைவி, பக்கத்து லாட்ஜின் மேனேஜர், வேன் டிரைவர், நான், என் மனைவி. மீதி மூன்று இடம் லாட்ஜ் ஊழியர்களுக்கு. பள்ளி நாள் என்பதால் பிள்ளைகள் வரவில்லை. வழியைப் பற்றிப் பேச்சு வந்தது. கொட்டச்சேடு வழியாக இறங்கினால் சேலத்தைத் தொடாமலே ஆத்தூர் சாலையைப் பிடிக்கலாம் என்றார் மேனேஜர்.

"புடிக்கலாமுங்க. ஜீப்பு இருந்தா" என்றார் டிரைவர். "என்ற வேன்ல அந்த வழியாப் போனா, எறங்கறப்ப டயரு தனியா, நாம தனியா எறங்குவோம்."

எனவே வழக்கமான பாதைதான். ஒரு பூங்கா முதல் நாள், இன்னொன்று மறுநாள், இடையில் பாயின் மைத்துனர் வீட்டில் தங்கல். அதன் பிறகு பாய் சாப்பாட்டு விஷயத்துக்கு வந்தார்.

மலை இறங்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது ஏற்காட்டில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். முதல் பஸ்ஸில் போகிறவர்கள் அடிவாரம் போய்த்தான் வாயில் எதையாவது போடுவார்கள். பாய் அதை ராட்டின ரயிலுக்கும் நீட்டினார்.

"நம்ம இருபது வளைவையும் அவன் ஒரு நிமிசத்துல எறக்கறான். அதுவும் தலகீழா. அப்ப வயிறு எப்பிடி இருக்கோணும்? முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதோட சரி. ரயில்ல ஏறி எறங்குற வரைக்கும் யாரும் ஒண்ணும் தொடக்கூடாது. காப்பி மட்டும்."

"அது வரைக்கும் தாங்குமா பாய்?" என்றார் மேனேஜர்.

"நோம்பு புடிச்ச ஒடம்புங்க இது. நீங்க உங்களப் பாத்துக்கோங்க."

சரியென்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. குறிப்பேட்டில் முதல் விதியாக எழுதினேன். அடுத்து யார் யாருக்கு என்ன வேலை என்று எழுதும்போது, பைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஏழாம் வளைவை நினைத்து மனைவியின் பெயரை எழுதினேன். யாரும் கேட்கவில்லை, யாரும் மறுக்கவுமில்லை.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, பை பாக்கறதுக்கு நேரா என்ற பேரு எதுக்கு இருக்குது?"

"யாராச்சும் ஒருத்தர் பாத்துக்கோணுமில்ல."

"அந்த ஒருத்தரு நான்தானா?"

"உனக்குத்தான் ஒத்துக்கறதில்லையே."

பாய் உதவிக்கு வந்தார். "தங்கச்சி, ரோட்டுல ஓடற பஸ்ஸுக்கே இந்தப் பாடு. தலகீழாப் போறப்ப நீ பாட்டுக்கு வாந்தி எடுத்து வெச்சீன்னா, கீழ நிக்கிறவன் கதி என்னாகறது?"

"நீங்க கீழ நிக்காதீங்கண்ணா" என்றாள். பாயின் மனைவி சத்தமாகச் சிரித்துவிட்டார்.

பிறகு என்னிடம் திரும்பினாள். "எடுத்தா என்னங்க இப்ப? எடுத்துட்டு வாயக் கொப்புளிச்சா முடிஞ்சுது. பன்னெண்டு வருசமா எடுக்கறேன், ஒரு நாளாச்சும் பாதியில பஸ்ஸ விட்டு எறங்கியிருக்கறனா? பை பாக்கறதுக்கு மெட்ராசு எதுக்கு? நம்மூட்டுலயே நாலு பை கெடக்குது."

பாய், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் எதையாவது அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அது முடிந்துபோன விஷயம் என்று அர்த்தம். நானும் பெயரை அடிக்கவில்லை.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். ஏழாம் வளைவில் டிரைவர் யாரும் சொல்லாமலே வண்டியை ஓரம் கட்டினார். அவள் இறங்கி எடுத்துவிட்டு, பாட்டில் தண்ணீரில் வாய் கொப்புளித்து, முகம் துடைத்துக்கொண்டு ஏறினாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

வாழப்பாடி தாண்டியதும் அவள் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். வாழை இலையில் தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய். வேனில் இருந்த மற்ற எட்டுப் பேரும் காப்பி தவிர எதையும் தொட்டிருக்கவில்லை. அது எஸ்டேட் காப்பி, இரண்டு பிளாஸ்க் நிறைய.

"ஏம்மா, தெரிஞ்சே பண்றியா?" என்றார் பாய்.

"வெறும் வயித்துல எடுத்தா பித்தந்தான் வருமுங்கண்ணா. தொண்டையெல்லாம் எரியும். அதனால நான் எப்பவும் தின்னுட்டுத்தான் எடுப்பேன்." ஒரு கவளம் விழுங்கிவிட்டு, "உங்களுக்குந்தான் கட்டியாந்திருக்கறேன். வேணுமா?" என்று கேட்டாள்.

யாரும் வாங்கவில்லை. உளுந்தூர்ப்பேட்டையில் இன்னொரு பொட்டலத்தையும் தின்றாள். டிரைவர் மட்டும், ஓட்டுகிறவனுக்கு விதி கிடையாது என்று சொல்லி, அங்கே இறங்கி நான்கு இட்லி சாப்பிட்டார்.

பூங்கா வாசலில் நாங்கள் இறங்கியபோது மணி ஒன்று. ஆடி மாதத்தில் மலையில் ஸ்வெட்டர் போடுகிறவர்கள் நாங்கள். சென்னையில் ஆடி என்றால் என்ன வெயில் என்பதை நான் கடைக்கு வந்த ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை. குறிப்பேட்டில் நான்கு பக்கம் தகவல் இருந்தது. வெயில் பற்றி ஒரு வரி இல்லை.

ரோலர் கோஸ்டருக்கான வரிசை தகரக் கூரையின் கீழே வளைந்து வளைந்து போனது. அண்ணாந்து பார்த்தேன். அது தலைகீழாகப் போகவில்லை. செங்குத்தாக ஏறி, சரிந்து, இரண்டு முறை பக்கவாட்டில் சாய்ந்து திரும்பியது, அவ்வளவுதான். என் இரண்டு சாட்சிகளும் வேறெதையோ பார்த்திருக்கிறார்கள், அல்லது கண்ணை மூடியிருக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. மேனேஜர் முதலில் கம்பியைப் பிடித்தார். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றார். லாட்ஜ் ஊழியர்கள் மூவரும் அவரைத் தாங்கிக்கொண்டு நிழலுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பாய், சட்டை முழுக்க நனைந்து, தரையில் உட்கார்ந்தார்.

"நோம்பு புடிச்ச ஒடம்பாமே" என்றார் அவர் மனைவி, விசிறிக்கொண்டே.

"நான் நோம்பு புடிக்கிறது ஏற்காட்டுல" என்றார் பாய், கண்ணைத் திறக்காமல்.

அவர் மனைவி அவரை எழுப்பிக் கூட்டிப் போனார். அடுத்து மயக்கம் தட்டியது எனக்கு. பதினேழு மணி நேரமாக வயிற்றில் கறுப்புக் காப்பி தவிர எதுவும் இல்லை. காதுக்குள் ஓர் இரைச்சல். கூரைக்கு வெளியே இருந்த வெளிச்சம் வெள்ளையாகப் பரவியது. மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பையப் புடிச்சுட்டுப் போய் உக்காருங்க. பையில இன்னும் மூணு பொட்டலம் இருக்குது. பாயண்ணனுக்கும் குடுங்க."

"நீ?"

"நான் எதுக்கு வந்தனுங்க?"

வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னும் முப்பது பேராவது இருந்தார்கள். ஆத்தூர் வெயிலில் வளர்ந்தவள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, யாருடைய துணையும் இல்லாமல், நகர்ந்தபோது நகர்ந்தாள். நான் நிழலுக்குப் போய் மரத்தடியில் படுத்திருந்தவர்களிடம் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு, பாதி தயிர் சாதத்தை நின்றபடியே விழுங்கிவிட்டு, தண்டவாளத்துக்குக் கீழே இருந்த வேலிப் பக்கம் போனேன்.

அவள் எந்தப் பெட்டியில் ஏறினாள் என்று தெரியவில்லை. ரயில் சங்கிலியில் கடகடவென்று ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது போலிருந்தது. பிறகு விழுந்தது. எல்லோரும் கத்தினார்கள். அதில் அவள் குரல் இருந்ததா என்று சொல்ல முடியாது, பன்னிரண்டு வருடத்தில் அவள் கத்தி நான் கேட்டதில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது விநாடி.

படிக்கட்டில் இறங்கி வந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். தலைமுடி கலைந்திருந்தது. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"வேண்டாமுங்க. ஒண்ணும் ஆகலை."

"பயமா இருந்துதா?"

"எறங்கறப்ப இருந்துச்சு. வயிறு மேல போயிட்டு வந்துது. ஆனா கண்ணத் தொறந்துதான் வெச்சிருந்தேன்." மூச்சு வாங்கினாள். "மேல போனா கடலு தெரியுதுங்க. அந்தச் சவுக்கு மரத்துக்கு அந்தப் பக்கம், பூராவும். யாருமே சொல்லலை பாருங்க."

யாரும் சொல்லவில்லைதான். நான் யாரையும் அதைக் கேட்கவுமில்லை. அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. மறுநாள் கடற்கரைக்கே போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் திரும்பி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுவிட்டாள். அவள் பின்னாலேயே நானும் போயிருக்கலாம். போகவில்லை. மறுபடியும் வேலிப் பக்கம் போய் நின்றேன்.

இரண்டாவது முறை அவள் ஏறும்போது கவனித்து வைத்துக்கொண்டேன். முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி, ஓரத்து இருக்கை. ரயில் உச்சிக்குப் போய் அந்த ஒரு கணம் தாமதித்தபோது, அதிலிருந்த எல்லாத் தலைகளும் சரிவைப் பார்த்து நேராக இருந்தன. மூன்றாவது பெட்டியில் ஒரு தலை மட்டும் கிழக்கே திரும்பியிருந்தது.