அத்தைக்கு ஆகாதது

எங்கள் வீட்டில் அத்தையின் வயிறு ஒரு தனி ஆளைப் போல இருந்தது. எங்கள் தீவில், தவுவா சந்தையில் அப்பாவைப் பார்ப்பவர்கள் முதலில் கரும்பைப் பற்றி விசாரிப்பார்கள். அடுத்து, தங்கச்சியின் வயிறு எப்படி இருக்கிறது என்பார்கள். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, அப்பாதான் அவளை வளர்த்துப் படிக்க வைத்தார். கரும்பு ரயில் ஓடும் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளியில் அவள் முதல் வகுப்பு ஆசிரியை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அவள் வயிற்றுக்குள் உருளத் தொடங்கும். ஒருமுறை அந்தச் சத்தம் முன்வரிசைப் பிள்ளைகளுக்கே கேட்டு, ரயில் வருகிறது என்று ஜன்னலுக்கு ஓடினார்களாம். இதை அத்தையே சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். சிரிக்க முடியாத நாட்களும் இருந்தன. வயிறு மத்தளம் போல உப்பி, பிடித்து முறுக்கும். எதையாவது பற்றிக்கொண்டு நிற்பாள். பிறகு கொல்லைப்புறக் கக்கூஸுக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது முகம் வெளுத்து, நெற்றி முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருக்கும்.

எது அவளுக்கு ஆகவில்லை என்பதில் ஆளுக்கொரு தீர்ப்பு. அப்பா மரவள்ளிக் கிழங்கின்மேல் குற்றம் சாட்டினார். பக்கத்துக் கரும்புக் காட்டுப் பெரியம்மா டாலோ கிழங்குதான் என்றாள். டவுன் டாக்டர் மிளகாயை நிறுத்தச் சொல்லி, வெள்ளையாக ஒரு மருந்து கொடுத்தார். பெரியம்மாவின் மகள் எங்கள் கிணற்றையே சந்தேகப்பட்டாள். எல்லார் பேச்சையும் கேட்டு நடந்திருந்தால் அத்தைக்கு உப்பும் தண்ணீரும்தான் மிஞ்சியிருக்கும். அந்தத் தண்ணீர்மேலும் வழக்கு இருந்தது.

ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். வலி வந்தால் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய பால் கொடுக்க வேண்டும். பால் எங்கள் செவலைப் பசுவினுடையது. அதனிடம் அப்பா பேசுகிற பிரியத்தில் கால் பங்கு நம்மிடம் பேசினால் போதும் என்று அம்மா சொல்வாள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அப்பாவே தம்ளரை ஏந்திக்கொண்டு வருவார். கடைசிச் சொட்டு உள்ளே போகும்வரை நகரமாட்டார்.

அம்மாவுக்கு ஊரார் தீர்ப்புகளில் நம்பிக்கை இல்லை. அவள் தனியாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒரு பொருளைச் சமையலிலிருந்து சில வாரம் அடியோடு எடுத்துவிடுவாள். பிறகு அதை மட்டும் திரும்பக் கொண்டுவந்து என்ன ஆகிறது என்று பார்ப்பாள். அந்த இடைவெளியில் புதிதாக எதையும் சேர்க்க மாட்டாள். இப்படி மரவள்ளி போய், ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தது. டாலோ போய் வந்தது. பருப்பும் பலாக்காயும் போய் வந்தன. மிளகாய் போயிருந்த வாரங்களில் அப்பா தட்டைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இந்த ஆராய்ச்சியில் எனக்கும் வேலை இருந்தது. சாப்பிட்டுவிட்டு அத்தை பாயில் சாய்ந்ததும் அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டு அம்மாவிடம் சொல்ல வேண்டும். தவளை என்பேன், தண்ணீர் பம்பு என்பேன், ஒன்றுமில்லை என்பேன். அத்தை என் தலையைக் கோதிக்கொண்டே படுத்திருப்பாள். பல நாள் கேட்டுக்கொண்டே அங்கேயே தூங்கிப்போவேன்.

கரும்பு வெட்டத் தீவுக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் போல, பிள்ளைகள் நாங்கள் பேசியது ஹிந்தி. தமிழ் பெரியவர்களுடையது, கோயிலுக்கும், எங்களுக்குத் தெரியக்கூடாத விஷயங்களுக்கும் அதை வைத்திருந்தார்கள். சமையலறையில் அம்மாவும் அத்தையும் குரலைத் தாழ்த்தினால் தமிழுக்கு மாறிவிட்டார்கள் என்று பொருள். நான் ஒட்டுக்கேட்டே தமிழ் கற்றேன். அதனால் சீக்கிரமாகவே கற்றேன்.

சினையாக இருந்த பசு ஒருநாள் பால் வற்றி நின்றது. கடையில் பால்பவுடர் வாங்குவது பசுவுக்குச் செய்யும் அவமானம் என்று அப்பா நினைத்ததால், வீட்டில் எல்லாரும் எலுமிச்சைப் புல் போட்ட கட்டஞ்சாயா குடித்தோம். அத்தையின் வயிறு அடங்கிப்போயிற்று. நான் காதை அழுத்தி அழுத்திக் கேட்டும் தவளைகூட இல்லை. அப்போது விலக்கி வைத்திருந்தது கத்தரிக்காய் என்பதால் கத்தரிக்காயே குற்றவாளி என்று முடிவாயிற்று. அப்பா செடிகளை வேரோடு பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தார்.

பசு கன்று போட்டது. பால் திரும்பியதும் அப்பா சந்தோஷத்தில் பாயசம் வைக்கச் சொன்னார். அத்தை ஆசையாகச் சாப்பிட்டாள். அன்று பிற்பகல் அவள் பட்ட பாட்டைப் போல நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஈரத் துணியால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “பாலுதான்” என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

அவசரப்படாமல் மறுபடியும் நிறுத்திப் பார்த்தாள், கொடுத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. மோர் ஒன்றும் செய்யவில்லை, நெய்யும் ஒன்றும் செய்யவில்லை. பாலாகக் குடித்தால் மட்டும் வயிறு திரும்பிக்கொண்டது. நாங்கள் மருந்தென்று கொடுத்ததுதான் இத்தனை வருஷம் அவளைப் படுத்தியிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. மனம் வருந்தினார்.

“பொறந்த கொழந்தைக்கு மொத ஆகாரமே அதான். அது போயி கெடுதி பண்ணுமா?”

இதைச் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய் வெகுநேரம் அங்கேயே இருந்தார். பெண்கள் இருவரும் அதற்குமேல் வாதாடவில்லை. மறுநாளிலிருந்து, வலி வராமலிருக்க என்று அப்பா தினமும் கொடுக்கும் தம்ளர் அத்தையின் கைக்கு வரும். அம்மா முதுகைக் காட்டி மறைத்து நிற்பாள். பால் என் வாய்க்குப் போகும். நான் நன்றாகத் தடித்தேன். வலியில்லாத அத்தையின் கன்னத்திலும் சதை வைத்தது. பார்த்தீர்களா, பால் எப்படித் தேற்றிவிட்டது என்று அப்பா பசுவைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த வருஷம்தான், இந்தியர் கை ஓங்கிய அரசைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அது எங்கோ தலைநகர் சுவாவில் நடந்த காரியம். எங்களுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். டவுனில் எங்களுக்குத் தெரிந்த கடை ஒன்று மூடியது, பிறகு திறக்கவில்லை. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் எங்கள் தகரக் கூரைமேல் கற்கள் விழுந்தன. யார் எறிந்தார்கள் என்று தெரியாது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது என் முதுகில் தெரிந்தது.

போய்விட வேண்டும் என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னது அம்மாதான். குத்தகை நிலத்தில் எத்தனை நாள் இருப்பது என்று அப்பாவைத் துளைத்தெடுத்தாள். என் தலையில் தண்ணீர் தடவி வாரி, லௌட்டோக்காவுக்கு அழைத்துப் போய் எல்லாருக்கும் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துவைத்தாள். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அங்கே குளிர் எப்படி, பள்ளிக்கூடம் எப்படி என்று நிறுத்தி வைத்துக் கேட்பாள். அவள் அப்படி எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கனடாவில் மர ஆலையில் வேலை செய்தார். அவரும் அவர் தாயாரும் பெண் பார்க்கவென்றே விமானத்தில் வருவதாகத் தரகர் சொன்னார். அத்தை அங்கே போனால் அண்ணன் குடும்பத்தைப் பின்னால் கூப்பிட்டுக்கொள்ளலாம். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா அன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடினாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு அத்தை சொன்னாள்: “எனக்கு இஷ்டமில்ல அண்ணே.”

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் அதட்டவில்லை. நீ போனால்தானே நாங்கள் வர முடியும் என்று மெதுவாகச் சொல்லி, என்னைக் காட்டி, இந்தக் குழந்தையை நினைத்துப் பார் என்றார். அத்தை என்னைப் பார்த்தாள். வளர்த்தவரிடம் இரண்டாம் முறை மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் அவள் சிரிப்பு நின்றுபோனது. காதை வைத்துக் கேட்கிறேன் என்று போனால், இன்றைக்கு வேண்டாம் என்று புரண்டு படுத்துக்கொண்டாள். வயிறு நன்றாக இருக்கும்போது ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது பாடுவதையும் நிறுத்திவிட்டாள்.

அவர்கள் வரும் நாள் காலையில் நான் சமையலறைக்குள் நுழைந்தபோது அம்மா பெரிய சொம்பில் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றிய சொம்பை அத்தையிடம் நீட்டினாள். நான் பதறிப்போய், அது பால் என்று சொன்னேன், அம்மாவுக்கு அது தெரியாதது போல. ரோட்டில் கார் வருகிறதா போய்ப் பார் என்று அம்மா என்னை விரட்டினாள். நான் கதவுக்கு வெளியே போய் அங்கேயே நின்றேன். உள்ளே தமிழுக்கு மாறினார்கள்.

“ஒங்களுக்கு வாணாமா அண்ணி?”

அடுப்புக்குள் விறகைத் தள்ளும் சத்தம் கேட்டது.

“எனக்கு வாணாம். நீ குடி.”

எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. அம்மாவுக்கும் வேண்டாம் என்றால் மீதி எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அத்தை சொம்பைக் கவிழ்த்தபோது அதில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

மாப்பிள்ளை நல்ல மாதிரியாகவே இருந்தார். அந்த வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்தார். அவர் தாயார் கனடாவின் பனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அத்தையின் வயிறு உருள ஆரம்பித்தது. அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக, எங்கள் வீட்டை ஒட்டியும் ஓடிய தண்டவாளத்தைப் பார்த்தார். அத்தை எழுந்து கொல்லைப்புறம் போனாள். திரும்பி வந்து சரியாக உட்காருவதற்குள் மறுபடியும் போனாள்.

பொய் பேசத் தெரியாத அப்பா, சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இப்படித்தான், இப்போது கொஞ்ச நாளாகத் தேறியிருந்தாள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, பூண்டுப் பால் காய்ச்சிக்கொண்டு வா என்று அம்மாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. பாலால்தான் வலி என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அம்மா ஒரு வாழைக்காய் பஜ்ஜியை வைத்து அடைத்தாள். நான் அதை மென்று முடிப்பதற்குள் அத்தை தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டாள். குடிக்கும்போது தம்ளருக்கு மேலாக அம்மாவைப் பார்த்தாள். அத்தை அழப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

கனடாவுக்குப் போவதற்கு உடம்புப் பரிசோதனை உண்டு, அவர்கள் நோயில்லாத பெண்ணாகப் பார்க்கிறார்கள் என்று தரகர் பிறகு வந்து சொன்னார். அப்பா மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார். அத்தை பாயில் சுருண்டு கிடந்தாள். அம்மா அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், காலைப் பிடித்துவிட்டாள். நான் அம்மாவோடு பேசவில்லை. அத்தனை மாதம் பாடுபட்டுக் கண்டுபிடித்ததை மறந்துவிட்டு அத்தைக்குப் பாலை ஊற்றிக் கொடுத்த கவனக்குறைவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மாப்பிள்ளை பக்கத்துக் காட்டுப் பெரியம்மாவின் மகளைக் கட்டிக்கொண்டு போனார். கொஞ்ச காலத்தில் பெரியம்மா குடும்பம் மொத்தமும் கனடாவுக்குப் போயிற்று. அம்மா நாந்தி விமான நிலையம் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். வந்ததும் துணியை மாற்றிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அத்தை தானே பார்த்துப் பிடித்துப்போன ஒரு வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டு நடபுவாவுக்குக் குடிபோனாள். எங்கள் குத்தகை முடிந்து நிலம் கைவிட்டுப் போனபோது நாங்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தோம். இன்னொரு முறை ஆட்சி கவிழ்ந்த பிறகு நான் மட்டும் நர்ஸ் வேலைக்கு ஆக்லாந்து வந்தேன். வரச் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டும் அம்மா வரவில்லை. அத்தையை விட்டுவிட்டு எப்படி வருவது என்கிறாள்.

போன மாதம் தொலைபேசியில் பேச்சுவாக்கில் அத்தையிடம் கேட்டுவிட்டேன்: ஆகாது என்று தெரிந்தும் அன்று ஏன் அவ்வளவு பாலைக் குடித்தீர்கள்?

அத்தை சிரித்தாள். “நான் குடிச்சதப் பெருசாக் கேக்கறியே. ஊத்துனவங்களக் கேளு” என்றாள்.

அம்மாவைக் கேட்டேன். அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது என்றாள். ஆக்லாந்தில் இப்போது குளிர் அதிகமா என்று விசாரித்தாள். போனை வைத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அன்று கதவுக்கு வெளியே நின்றபோது, பெரியவர்களின் தமிழ் முழுவதும் எனக்குக் கைவந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். உள்ளே அத்தை கேட்டது கனடாவைப் பற்றி. என் காதுக்கு எட்டியது பால் மட்டும்தான்.