சந்தன மரத்தில் ஒரு துளை

நான் நேரில் கண்டதை மட்டுமே இங்கு எழுதுகிறேன். காணாததைக் கண்டதாக ஒருமுறை சொல்லிவிட்டேன்.

இன்று காலை, மறையூரில் எங்கள் வேலியோரச் சந்தன மரத்தில், சுண்டுவிரல் நுழையும் துளையொன்றிலிருந்து நீண்ட உணர்கொம்புகள் கொண்ட வண்டு வெளிவந்தது. அடியில் வெண்ணிற மரத்தூள் கிடந்தது.

என் எட்டாம் வயதிலும் அம்மரத்தில் ஒரு துளை இருந்தது. வயிரம் பாய்ந்திருக்கிறதா என்று திருடர்கள் துளையிட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். அப்பாவைச் சந்தேகித்த வனக்காவலர் என்னிடம் கேட்டார்.

“பாப்பா, அப்பாதான தொளை போட்டாரு?”

அப்பாவின் கையில் தூளை மட்டுமே கண்டிருந்த நான், “ஆமா சாறே” என்றேன்.

“ஏட்டி, நீ பாத்தியா?” என்று அம்மா அலறினாள். அப்பாவை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

சிறையிலிருந்து மீண்டபின், இறக்கும்வரை அவர் என்னைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அன்றைய துளை வண்டு இட்டதா, அப்பா இட்டதா என்பது எனக்கு இன்றும் தெரியாது.