'ரட்டிஃபை' என்றால் தமிழில் என்ன?

இன்று காலை எங்கள் மொழிபெயர்ப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டார்: "ரட்டிஃபை எண்டதுக்கு 'உறுதிப்படுத்து' சரிதானே?"

எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். (எங்கள் குழுவில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை!)

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பாவைக் கொன்ற சொல் அது.

எழுபதுகள். வீடு அன்புவழிபுரத்தில். அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் நாட்கூலி.

கப்பலில் இருந்து மூட்டை இறக்கும் கம்பிக்கயிறுகள் இற்றுப்போய்க் கிடந்தன. வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் ஒப்பந்தம் கைச்சாத்தானது: கயிறு பழுதென்றால், தொழிலாளி வேலை செய்ய மறுக்கலாம்!

ஆனால் கொழும்பில் மேலிடமும் அதை ஏற்றால்தான் செல்லும். அதுதான் ரட்டிஃபை. தொழிற்சங்கக்காரர் அதைத் தமிழில் சொன்னார்: "கொழும்பில உறுதிப்படுத்தோணும்."

நாட்கூலிக்காரருக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஒன்றுதான். கன்ஃபர்ம்! வேலை நிரந்தரமாவது!

அப்பா வாசலில் நின்றே கத்தினார். "எங்களை உறுதிப்படுத்தப் போறாங்களாம்!"

அம்மா பாயாசம் வைத்தார்.

அடுத்த கிழமை ஒரு கயிறு நூல்நூலாகப் பிரிந்து தொங்கியது. அங்கே நடந்ததை, அப்பாவோடு வேலை செய்த கிண்ணியா காசிம் காக்காதான் பிறகு எங்களுக்குச் சொன்னார்.

அப்பா சொன்னாராம்: "ஐயா, இந்தக் கயிறோட ஏலாது."

மேற்பார்வையாளர் சொன்னாராம்: "இன்னும் உறுதிப்படுத்தேல்லை, தெரியும்தானே?"

அவர் சொன்னது ஒப்பந்தத்தைப் பற்றி. அப்பா விளங்கிக்கொண்டது தன் வேலையைப் பற்றி: மறுத்தால் நிரந்தரமாக்க மாட்டார்கள்.

வாயை மூடிக்கொண்டு சுமைக்குக் கீழே போனார். கயிறு அறுந்தது.

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை.

குழுவில் இதையெல்லாம் எழுதவில்லை. "'ஏற்புறுதி செய்' என்று போடுங்கள். கைச்சாத்தான ஒப்பந்தத்தை மேலிடம் ஏற்றுச் செல்லுபடியாக்குவது. 'உறுதிப்படுத்து' வேண்டாம்" என்று மட்டும் போட்டேன்.

"அக்கா, ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோவமோ?" என்று பதில் வந்தது. (ஓம் தம்பி, இவ்வளவு கோவம்தான்!)

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை காசிம் காக்கா எங்கள் படலையில் வந்து நின்றார். நல்ல செய்திதான்.

"கொழும்பில உறுதிப்படுத்திட்டாங்க தங்கச்சி," என்றார் அம்மாவிடம். "இனி ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லலாம்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர் சொல்லுறது, காக்கா?"