பக்கத்து அருவாமனை

காசிமேட்டில் மீன் வாங்கி வருகிறவர்களுக்கு அதைச் சுத்தம் செய்து வெட்டிக் கொடுப்பதுதான் பதினைந்து வருடமாக என் பிழைப்பு. போன வருடம் மேகலா என் பக்கத்தில் அருவாமனை போட்டு உட்கார்ந்தாள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். அவள் முன்னால் எப்போதும் கூட்டம். என்னிடம் இரண்டு பேர் நின்றால், அவளிடம் எத்தனை பேர் என்று என் கண் தானாக எண்ணும். வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக என்னிடம் வரும் டீச்சரம்மா வஞ்சிரத்தோடு அவளிடம் போய் நின்றார். அதைப் பார்த்துக்கொண்டே கையிலிருந்த சங்கரா மீனை அறுத்தேன். அருவாமனை என் கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது.

மேகலாதான் ஓடி வந்தாள். டீச்சரம்மாவின் மீனைப் பாதியில் போட்டுவிட்டு, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

"கண்ணு உன் பக்கம் போச்சுடி" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் அழுதாள். "உன் கை வேகம் எனக்கும் வராதான்னுதான் உன் பக்கத்துல வந்து குந்துனேன். தெனமும் உன் கையத்தான் பாத்துகினு இருந்தேன். நீ இன்னாத்துக்குக்கா என்னப் பாத்த?"

நரம்பு அறுந்துவிட்டது. தையல் பிரித்த பிறகும் விரல் மடங்கவில்லை. முன்பு மூன்று மீன் வெட்டிய நேரத்தில் இப்போது ஒன்றுதான் வெட்டுகிறேன். வெட்டும்போது மீனைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

மேகலா இன்னும் என் பக்கத்தில்தான் உட்கார்கிறாள். என் கையை மட்டும் அவள் பார்ப்பதே இல்லை.