எட்டும் நாற்பதும்

ஐந்தாம் வகுப்பில் கணக்குக்கு நான்தான் முதல். இந்தக் கதையில் அதைவிட ஆபத்தான விஷயம் வேறெதுவும் இல்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அப்போது எங்களோடு பலேர்மோ நகரத்தின் அல்பெர்கேரியாவில் இருந்தார். வீட்டில் இரண்டே அறை. ஜன்னலைத் திறந்தால் சந்தையில் மீன் விற்கிறவர்களின் கூச்சல் நேராகச் சோற்றுக் கோப்பைக்குள் வந்து விழும். மாமாவுக்கு வேலை கடற்கரைப் பக்கமான மொண்டெல்லோவில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடுகிற வயதான ஒரு இத்தாலியப் பெண்ணின் வீட்டில். கூட்டுவார், துடைப்பார், சமைப்பார், பின்னேரம் சிஞ்ஞோராவின் நாயைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போவார். சில நாள் நாய் அவரை இழுத்துக்கொண்டு போகும். ஊரில் அவர் ஒரு நெல்லு மில்லின் லொறிகளைத் திருத்திக்கொண்டிருந்தவர். ஆறு வருஷமாக, யார் என்ன வேலை என்று கேட்டாலும், "நான் மெக்கானிக். இப்ப வீடு துடைக்கிறன்" என்பார். இரண்டாவது வசனத்தை மட்டும்தான் எல்லோரும் நம்பினார்கள்.

சிஞ்ஞோராவின் கராஜில் அவருடைய காலஞ்சென்ற கணவரின் கார் ஒன்று நின்றது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக் கூரை. அம்மாவைவிட அதற்கு வயது கூட. ஓட்டினால் பின்பக்கத்திலிருந்து ஒரு ஊளைச் சத்தம் வரும். பழைய கார்களை மட்டும் திருத்துகிற கராஜ் வைத்திருந்த சிஞ்ஞோராவின் அண்ணன் மகன் ஒருநாள் அதைப் பார்க்க வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே, கையில் துடைப்பத்தோடு நின்ற மாமா, "டிபரன்ஷல்" என்று சொல்லிவிட்டார். பின்சில்லுகளைச் சுழற்றுகிற பல்லுச் சக்கரப் பெட்டி அது. இத்தாலியனிலும் ஏறக்குறைய அதே சொல்தான். அந்த மனிதர் துடைப்பத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு நீளமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவுக்கு அதில் பாதிதான் விளங்கியது. வீட்டுக்கு வந்து என்னிடம் போனைத் தந்து, அந்த மனிதரிடமே திரும்பக் கேட்கச் சொன்னார். எங்கள் வீட்டில் கடிதம், விசா பதிகிற பொலிஸ் கந்தோரான கெஸ்துரா, டொக்டர் எல்லாவற்றுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அவர் சொன்னது இதுதான்: அந்தக் காருக்கு எப்போதோ யாரோ வேறொரு காரின் டிபரன்ஷலைப் பூட்டியிருக்கிறார்கள். இலக்கம் அடித்த இடம் துருப்பிடித்துப் போய்விட்டது. அதைக் கழற்றி, அது எந்த ரகம் என்று கண்டுபிடித்து வைக்கவேண்டும். சனிக்கிழமை வருவார். சரியாக இருந்தால் அவருடைய கராஜில் மாமாவுக்கு வேலை.

"வேலை எண்டோ சொன்னவர்? வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் மாமா. ரெண்டு தரம் கேட்டனான்."

வியாழக்கிழமை மாமாவுக்கு அரைநாள் லீவு. பள்ளிக்கூடம் விட்டதும் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். காரின் பின்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, கட்டைகள் வைத்து, சில்லுகளைக் கழற்றினார். பழைய எண்ணெயை ஒரு வாளியில் வடியவிட்டபோது எழுந்த கூழ்முட்டை நாற்றத்துக்கு நாய் கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டது. இரண்டு பக்கத்து அச்சுகளையும் வெளியே இழுத்தார். எஞ்சினிலிருந்து வருகிற தண்டைப் பிரித்தார். சுற்றிவர இருந்த நட்டுகளில் ஒன்று மட்டும் அசையமாட்டேன் என்று அடம்பிடித்தது. முருகனைக் கூப்பிட்ட அதே வாயால் அந்த நட்டின் பரம்பரையையும் திட்டினார். இரண்டில் ஏதோ ஒன்று வேலை செய்தது. கடைசியில் அந்த இரும்புக் கட்டியை நெஞ்சோடு அணைத்தபடி காருக்குக் கீழிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். முகம் முழுக்கக் கறுப்பு. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

மண்ணெண்ணெயால் கழுவிப் பார்த்தால், உள்ளே ஒரு பெரிய பல்லுச் சக்கரம், அதைக் கடித்துக்கொண்டு ஒரு சின்னப் பல்லுச் சக்கரம்.

"பெரிசில எத்தினை பல்லு, சின்னனில எத்தினை பல்லு எண்டு தெரிஞ்சால் சரி. அதுதான் இதின்ர பேர்" என்றார். "நான் தட்டுறன். நீ கொப்பியில கோடு போடு. நீதானே கணக்கில கெட்டிக்காரி."

ஒரு பல்லில் சோக்கால் அடையாளம் வைத்தார். ஸ்குரூடிரைவரால் அதைத் தட்டி, "லாபம்" என்றார். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. டிங், டிங் என்று ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே போனார். நான் கோடு போட்டுக்கொண்டே போனேன். சின்னச் சக்கரத்துக்கும் அப்படியே, லாபத்தில் தொடங்கி.

நெல் அளக்கிறவர்கள் முதலாவது அளவை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள். அடுத்தது இரண்டு. மில்லில் இருந்தவருக்கு அது நாக்கில் ஊறிய பழக்கம். பலேர்மோவில் பிறந்து, அரிசியை பிளாஸ்டிக் பையில் மட்டுமே கண்ட எனக்கு அது எப்படித் தெரியும்? நல்ல காரியம் தொடங்குமுன் பிள்ளையாரைக் கூப்பிடுவதுபோல ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, லாபத்துக்குக் கோடு போடாமல் விட்டேன். பத்தொன்பது வயதில், கோயில் அன்னதானத்துக்கு அம்மா "லாபம், ரெண்டு" என்று அரிசி அளந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கையில் சாக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

அன்றைக்கோ கோடுகளைக் கூட்டி, சின்னதில் எட்டு, பெரியதில் நாற்பது என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மீதி இல்லாமல் வகுபட்டதில் எனக்கு ஒரே பெருமை.

சனிக்கிழமை அந்த மனிதர் வந்தார். கழற்றி வைத்திருந்த விதத்தையும், வரிசையாக அடுக்கியிருந்த நட்டுகளையும் பார்த்துத் தலையை ஆட்டினார். கொப்பியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நாற்பது எட்டால் மட்டாக வகுபடுகிறது, அப்படிப் பல் வெட்டினால் அதே பல் அதே பல்லோடுதான் திரும்பத் திரும்ப உரசித் தேயும், எந்த மடையனும் அப்படிச் செய்யமாட்டான் என்றார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, அவர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"யார் இதை எண்ணியது?"

மாமா கொப்பியை வாங்கினார். விரலை முதல் கோட்டில் வைத்தார். பிறகு இரண்டாவது வரிசையின் முதல் கோட்டில் வைத்தார். உதடு லேசாக அசைந்தது. என்னை ஒருமுறை பார்த்தார்.

"இயோ" என்றார். நான்தான் என்று அர்த்தம். பிறகு தனக்குத் தெரிந்த இத்தாலியனில், பிழையாக எண்ணிப்போட்டேன் என்றும் சொன்னார்.

பல்லை எண்ணத் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அந்த மனிதர் கார்ச் சாவியைப் பையில் போட்டார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. தட்டியது அவர்தானே, ஆறு வருஷம் மெக்கானிக், மெக்கானிக் என்று சொன்னவருக்கு நாற்பது வரை எண்ண வரவில்லையே என்று கோபம் வேறு. வாசலில் நாயோடு நின்ற சிஞ்ஞோராதான், "இன்னொரு தரம் எண்ணட்டுமே, உனக்கென்ன ரயிலா போகப்போகிறது?" என்றார்.

மாமா முழங்காலில் இருந்தார். இந்தத் தடவை உரத்து, இத்தாலியனில், உனோ, தூவே என்று தொடங்கினார். பெரியதில் நாற்பத்தொன்று. சின்னதில் ஒன்பது. அந்த மனிதர் தானும் ஒருமுறை வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்று, ஒன்பது. பிறகு, பிழைவிட்டால் ஒத்துக்கொள்கிற ஆள் தன்னிடம் ஒருவரும் இல்லை என்றும், பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதிப் பத்திரத்தை, எடுத்துக்கொண்டு மாதத் தொடக்கத்தில் வரும்படியும் சொன்னார். சிஞ்ஞோரா மாமாவின் எண்ணெய்க் கன்னங்கள் இரண்டிலும் முத்தமிட்டார். அடுத்த மூச்சிலேயே, எனக்கு வேறு ஆள் யார் பிடித்துத் தருவது என்று கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா ஜன்னல் ஓரமாக இருந்தார். அம்மாவுக்குச் செய்தியை நான்தான் சொல்வேன் என்று அடம்பிடித்தேன்.

"வேலை கிடைச்சதையும் சொல்லுவன். நீங்கள் பிழையா எண்ணினதையும் சொல்லுவன்."

"ஓமோம், ரெண்டையும் சொல்லு பிள்ளை" என்று அவரே அம்மாவின் நம்பரை அழுத்தி, போனை என்னிடம் தந்தார். நான் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். மாமாவுக்கு எண்ணத் தெரியாது என்று சொன்னபோது அந்தப் பக்கம் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். இந்தப் பக்கம் மாமாவும் சிரித்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்த சந்தோஷம் என்றுதான் நான் நினைத்தேன்.