என் மகள் ஸ்வீடனுக்கு ஆடிய அரை மணி நேரம்

போன சனிக்கிழமை என் மகள் லில்லி ஸ்வீடன் அணிக்காகக் கால்பந்து ஆடினாள். ஃபார்வர்டு. ஒரு கோலும் போட்டாள்.

தமாஷ் இல்லை. ரங்கூனில்தான். பசுந்தாங் ஓடைக்குப் பக்கத்து மைதானத்தில், சாயங்கால வெயிலில், ஊர் பார்க்க. அவளை அனுப்பி வைத்தது யார்? நான்தான். அவள் கோல் போட்டாளே, அந்த எதிர் அணியின் மேனேஜர் யார்? அதுவும் நான்தான்.

இன்று வியாழன். கை இன்னும் சரியாக நிற்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். வானம் தெளிவாக இருந்தால், ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று கவலைப்படுகிறவன். இப்போதைய கவலை லில்லி. பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்கிறாள். எங்கள் வேதக் கோவிலிலோ, மாதத்துக்கு ஒரு குடும்பம் மதராஸுக்குக் கப்பலேறி, மாதத்துக்கு ஒரு பெஞ்சு காலியாகிறது. காலியாகிற ஒவ்வொரு பெஞ்சிலும் எனக்கு ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்ததாகவே தோன்றும். மிச்சம் இருக்கிறவர்களில் ஒரு நல்ல பையனை மடக்கிவிட வேண்டும் என்று தகப்பன் நினைப்பது குற்றமா?

மடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பையன் பெயர் ஞானராஜ். நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்ஸி ஆபீசில், பக்கத்து மேஜை. நாலு வருஷமாகப் பார்க்கிறேன். பென்சிலைக் கூர் குறையாமல் சீவி வைப்பான். குடை மறக்க மாட்டான். சிகரெட் இல்லை. மாமியார்கள் கனவில் வருகிற மாதிரிப் பையன். இவனை விட்டு வேறு யாரைத் தேட?

அவன் தாயார் தாமுவேயில் இருக்கிறார். மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிடும். கூப்பிடும்போது எழுந்து நிற்கும்.

நம் ஆட்களிடம் ஒரு நாகரிகம் உண்டு, உங்களுக்கே தெரியும். பெண் பார்க்க வருவோம். ஆனால் பெண் பார்க்க வந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். ஞானஸ்நான விருந்து, கோவில் பஜார், யாரையாவது கப்பலேற்றி விடும் துறைமுகம்... எங்கேயாவது ‘தற்செயலாக’ சந்திப்போம். பிடிக்கவில்லையா? யாருக்கும் அவமானமில்லை. யாரும் யாரையும் பார்க்கவே இல்லையே!

எங்கள் தற்செயலுக்கு நான் மூன்று வாரம் திட்டம் போட்டேன்.

தேக்கு ஏற்ற ஒரு ஸ்வீடன் கப்பல் வந்திருந்தது. வெளிநாட்டுக் கப்பல் வந்தால், கப்பல்காரர்களுக்கும் எங்கள் ஆபீசுக்கும் ஒரு சிநேக மேட்ச் நடப்பது வழக்கம். ஞானராஜ் எங்கள் கோல்கீப்பர் — உயரமாக இருக்கிறான், வேறு காரணம் இல்லை. டீச்சரம்மா ‘பந்தாட்டம் பார்க்க’ வருவார். என் மனைவி ரோஸம்மாவும் லில்லியும் ‘டீ கொடுக்க’ வருவார்கள். லில்லிக்கு வான நீலப் புடவை. கையில் தட்டு. பார்வை தரையில். இதைவிடப் பத்திரமான ஏற்பாடு ஒரு மனிதன் செய்ய முடியுமா?

டீச்சரம்மா குடையோடு வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தப் பக்கத்துக்குக் கை தட்ட வேண்டும் என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதுவரை எல்லாம் சுகம்.

பிறகு ஸ்வீடன்காரர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். பத்து ஆண்கள். ஒரு பெண்!

சிவந்த முகம், வைக்கோல் நிறத் தலைமுடி, முழங்காலில் பழைய தழும்பு. பெயர் மிஸ் கெர்டா. கப்பலில் தந்தி அனுப்புகிற உத்தியோகம். அணியில் சென்டர் ஃபார்வர்டு. எங்கள் பையன்கள் பெருந்தன்மையோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்தப் பெருந்தன்மையின் நடுவே புகுந்து அவள் முதல் இருபது நிமிஷத்தில் இரண்டு கோல் போட்டாள். அதற்கப்புறம் பெருந்தன்மையை நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தியும் பிரயோஜனமில்லை.

இடைவேளைக்குச் சற்று முன்பு பந்து ஒன்று எல்லை தாண்டி டீ மேஜைப் பக்கம் உருண்டது. அங்கே லில்லி. இரண்டு கையிலும் தட்டு, தட்டில் எட்டுக் கோப்பை. குனியவா முடியும்? புடவைக் கரையைக் கணுக்காலால் லேசாக ஒதுக்கினாள். பந்தைப் பாதத்தில் ஏந்தினாள். ஒரு தூக்கு. பந்து அழகாக வளைந்து போய் மிஸ் கெர்டாவின் காலடியில் விழுந்தது. டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

இதை அவள் எங்கே கற்றாள்? எங்கள் சந்தில் பர்மியப் பிள்ளைகள் வட்டமாக நின்று பிரம்புப் பந்தைத் தரையில் விழாமல் காலால் தட்டி ஆடுவார்களே, சின்லோன். ஏழு வயதிலிருந்து அந்த வட்டத்தில் அவளுக்கும் ஓர் இடம் உண்டு. எனக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

இடைவேளையில் ஸ்வீடன் ஆட்டக்காரர் ஒருவர் வெயில் தாங்காமல் மயங்கி உட்கார்ந்துவிட்டார். துறைமுக மரியாதை ஒன்று உண்டு. வந்தவர்களுக்கு ஆள் குறைந்தால் உள்ளூர்க்காரர்கள் ஆள் கொடுக்க வேண்டும். நாங்கள் எப்போதும் தாராளமாகக் கொடுப்போம் — எங்களிடம் இருப்பதிலேயே மோசமான ஆளை. எங்கள் ஆபீஸ் சாமுவேல் அதற்கென்றே பூட்ஸ் மாட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்தெட்டு, இரண்டு முட்டியிலும் வலி.

நான் எழுந்தேன். டீச்சரம்மா பார்க்கிறாரே என்று என் மிகச் சிறந்த ஆங்கிலத்தைக் கையில் எடுத்தேன். கையை அகல வீசி, “எங்கள் ஆட்களில் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

வீசிய கை சாமுவேலோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பெஞ்சைத் தாண்டி, நாற்காலிகளைத் தாண்டி, டீ மேஜை வரைக்கும் போய்விட்டது.

மிஸ் கெர்டா கை காட்டினாள். லில்லியை.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் ரெஃபரியைப் பார்த்தேன். ஊ மியா, சுங்க இலாகாக்காரர், சட்டத்துக்கு மறு பெயர். பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? அவர் நிதானமாக யோசித்துவிட்டு, ஏற்கெனவே ஒரு பெண் ஆடிக்கொண்டுதான் இருக்கிறாள், மேனேஜரும் வார்த்தை கொடுத்தாயிற்று, ஆட்சேபணை இல்லை என்று பர்மிய மொழியில் தீர்ப்புச் சொன்னார்.

லில்லி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டியிருக்க வேண்டும். ஆனால் முப்பது பேர் முன்னால் கொடுத்த வாக்கு... டீச்சரம்மா வேறு... எச்சில் விழுங்கினேன். அந்த அசைவைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் டீக் கொட்டகைக்குள் ஓடிவிட்டாள்.

திரும்பி வந்தபோது கப்பலின் சமையல் உதவியாளருடைய கால்சட்டை, முழங்கால் வரை சுருட்டியது. மேலே நீலமும் மஞ்சளுமாக ஸ்வீடன் சட்டை. காலில் ஒன்றும் இல்லை. வான நீலப் புடவை நாலாக மடிந்து என் மடியில் வந்து உட்கார்ந்தது. மூன்று வாரத் திட்டம், நாலு மடிப்பு.

மிஸ் கெர்டா அவளைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னாள். இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டினாள். பிறகு எங்கள் கோலைக் காட்டினாள். லில்லி தலையாட்டினாள்.

அரை மணி நேரம். நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மிஸ் கெர்டாவிடமிருந்து பந்து வந்தது. லில்லி அதைப் பலமாக அடிக்கவே இல்லை. சின்லோன் பந்தைத் தூக்குவது போலத் தூக்கி, ஞானராஜின் இடது பக்கமாக உள்ளே வைத்தாள். அவன் அசையவில்லை. வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். எங்கே என்று அப்போது எனக்குத் தெரியாது.

மேனேஜர் கை தட்டினால் துரோகம். தகப்பன் தட்டாவிட்டால் அதுவும் துரோகம். தலையைச் சொறிந்துகொண்டேன்.

மேட்ச் முடிந்து எல்லோருக்கும் மீன் குழம்பும் சேமியாவுமாக மொஹிங்கா, கூடவே டீ. டீச்சரம்மா நாற்காலியில் விறைப்பாக. அவருக்கு எதிரே மிஸ் கெர்டா, மூன்றாவது கிண்ணம் மொஹிங்காவோடு. மௌனத்தை உடைக்க வேண்டுமே என்று, எப்படி இந்த ஆட்டத்துக்கு வந்தீர்கள் என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன்.

அவள் கதையைச் சொன்னாள். ஆட்ட வாழ்க்கையைத் தொடங்கியது கோல் கம்பமாகத்தானாம். ஊரில் அண்ணன்மார் ஆடும்போது ஒரு பக்கம் பிர்ச் மரம், மறுபக்கம் இவள். ஒரு நாள் ஆள் குறைந்தது. கம்பத்தை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பெரியவளானதும் ஊர் கிளப்பில் போய்க் கேட்டாள். பெண்களுக்கும் வேலை இருக்கிறது, சட்டை துவைக்க ஆள் வேண்டும் என்றார்களாம். ஸ்வீடனிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

சட்டை துவைக்காமல் தந்தி படித்தாள். கப்பல் ஏறினாள். கப்பலில் எப்போதும் பதினோராவது ஆள் கிடைக்க மாட்டான். ஆன்ட்வெர்ப்பில் லெஃப்ட் விங். டர்பனில் சென்டர் ஃபார்வர்டு. கொழும்பில் மட்டும் பெண்ணோடு ஆட மாட்டோம் என்றார்கள். தொப்பிக்குள் முடியைச் செருகிக்கொண்டு வந்ததும் ஆட்சேபணை தீர்ந்துவிட்டது. “ஆள் குறையிற இடத்துலதான் எனக்கு இடம்” என்று சிரித்தாள். அப்படி ஒன்றும் சிரிக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை.

அவள் காசுக்கு ஆடுகிறாளா என்று டீச்சரம்மா என் மூலம் கேட்டார். ஆமாம், கோலுக்கு ஒரு டின் பீச் பழம், கேப்டன் தருகிறார் என்று பதில் வந்தது. சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து லில்லியின் கையில் வைத்தாள். கோல் போட்டால் சம்பளம் உண்டாம்.

ஆக, என் மகள் இப்போது புரொஃபஷனல்.

மறுநாள் ஞாயிறு. கோவில் முடிந்ததும் டீச்சரம்மா ஞானராஜை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டு மாடிப்படி ஏறிவிட்டார். இந்தத் தடவை தற்செயல் என்று யாரும் சொல்லவில்லை. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். ஆனால் அவர் சொன்னது வேறு.

“பொண்ணு பிடிச்சிருக்கு. ஆரோக்கியமா இருக்கா. அந்த ஓட்டம், பந்து எல்லாம் நேத்தோட போகட்டும். இனிமே கிடையாதுன்னு நீங்க எழுதிக் குடுக்க வேணாம். வாயால சொன்னாப் போதும்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு சல்லிசாகவா? வாயைத் திறந்தேன். அதற்குள் லில்லி டீயோடு வந்துவிட்டாள். அதே தட்டு. தட்டை வைத்துவிட்டு, “டீச்சரம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா?” என்றாள்.

சொல்லச் சொன்னார்.

“பந்தைப் பாக்காதே, கோல்ல நிக்கிறவர் கண்ணைப் பாருன்னு அந்த அக்கா சொன்னாங்க. நாலு தடவை பந்தோட கிட்ட வந்தேன். நாலு தடவையும் அவர் உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தார். அதனாலதான் கோல் விழுந்துச்சு. நான் ஒண்ணும் பெரிசா அடிக்கலை.”

எல்லோரும் ஞானராஜைப் பார்த்தோம். மறுத்து ஏதாவது சொல்வான் என்று.

ஞானராஜ், பாவம்... தாயாரைப் பார்த்தான்.

நாலு வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நான் பென்சிலைப் பார்த்திருக்கிறேன், குடையைப் பார்த்திருக்கிறேன். இவள் அரை மணி நேரத்தில் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அந்த நடுக்கம்தான் இன்னும் கையில் இருக்கிறது.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார்.

நான் யார் முகத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமா? ரோஸம்மாவின் முகத்தைத்தான். அவளோ என்னைப் பார்க்கவில்லை. லில்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோவிலில் பெயர் தெரியாத ஒரு பெரிய மனுஷியைப் பார்ப்பது போல. வேறு வழியில்லாமல் நானே சொந்தமாகப் பேச வேண்டியதாயிற்று.

“லில்லி சொன்னதுதாங்க என் பதிலும்” என்றேன்.

என் குரல் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. டீச்சரம்மா டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். அதுதான் மிஷன் பள்ளி வளர்ப்பு.

நான் பயந்தது எதுவும் குறைந்துவிடவில்லை. பெஞ்சுகள் காலியாகிக்கொண்டுதான் இருக்கின்றன. லில்லிக்கு இன்னும் பத்தொன்பதுதான், ஆனால் அது நிற்கிற வயதா? ஆபீசில் ஞானராஜ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று மெதுவாக மேஜைப் பக்கம் வந்து, “சார், அடுத்த மேட்ச்ல நான் கோலுக்கு நிக்கலை. முன்னாடி ஆடறேன்” என்றான். அம்மாவிடம் கேட்டாயா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அந்த டின்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. யாராவது சம்பந்தம் பேச வந்தால் பரிமாறலாம் என்று ரோஸம்மா ஞாயிறு காலையிலேயே கேட்டிருந்தாள். என் சம்பளம், தொடக் கூடாது என்று லில்லி எடுத்து ஒளித்துவிட்டாள். அவர்கள் படியிறங்கிப் போனதும் கொண்டுவந்து தானே திறந்தாள். மூன்று கிண்ணம். நானும் ஒரு துண்டு எடுத்தேன்.

ஸ்வீடனில் சம்பளம் நன்றாகத்தான் கொடுக்கிறார்கள்.