இட்லி குண்டானில் செய்த விண்கலம்

என் மகன் சென்னையில் ஒரு கிராபிக்ஸ் கம்பெனியில் இருக்கிறான். சினிமாவில் பறக்கிற கப்பல், இடிகிற கட்டடம், தூள் தூளாகிற கிரகம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே உண்டாக்குவதுதான் வேலை. லீவுக்கு வீட்டுக்கு வந்தாலும் டிவியில் அதே மாதிரிப் படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். போன தடவை வந்தபோது, தாலுகா ஆபீஸ் அளவுக்கு ஒரு விண்கலம் திரையில் விர்ரென்று திரும்பிக்கொண்டிருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டே, "இதுல கனமே இல்லையேடா" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். பழைய படங்களில் எல்லாம் பொம்மையைத் தொங்கவிட்டு ஏமாற்றினார்கள், கம்பி தெரியும், அட்டை தெரியும், பார்த்தால் சிரிப்புத்தான் வரும் என்று ஒரு பாட்டம் பேசிவிட்டு, "உனக்கு இதப் பத்தி என்னம்மா தெரியும்" என்று முடித்தான்.

எனக்கு என்ன தெரியுமா? ஒன்பது வயதில் ஒரு விண்கலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சைக்கிள் கேரியரில் இரண்டு காலும் மரத்துப்போக, மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து திருக்கோவிலூர் ரோட்டில் போனவள் நான். இதை இவனிடம் சொன்னால் அதற்கும் ஒரு சிரிப்புச் சிரிப்பான். நானும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அப்பாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா, மெட்ராஸில் சினிமாவுக்கு மாதிரிகள் செய்துகொடுக்கும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். நிஜ ரயிலைக் கவிழ்க்க முடியாது என்றால் முழ நீளத்தில் ரயில் செய்து கவிழ்ப்பார்கள். அணை உடைய வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டி அளவில் அணை கட்டி உடைப்பார்கள். எட்டு வருஷம் இப்படிக் கவிழ்த்தும் உடைத்தும் அவர் பெயர் ஒரு படத்திலும் வந்ததில்லை. பட்டறை முதலாளியின் பெயர்தான் வரும். நாங்களும் சங்கராபுரம் கொட்டகையில் எழுத்து ஓடும்போது கண்ணைக் கொட்டாமல் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு திரும்பி வருவோம்.

அந்த வருஷம் மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லி தின்பதற்காக ஊருக்கு வந்திருந்தார். வந்த இடத்தில் முதலாளியிடமிருந்து கடிதம். விண்வெளிப் படம் ஒன்று, அதில் வரும் கலத்தை நீயே செய்து எடுத்துக்கொண்டு மூன்றாம் வாரத் திங்கட்கிழமைக்குள் வா, நன்றாக அமைந்தால் இந்த முறை உன் பெயரையும் போடச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். சித்தப்பா அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தார் என்பதற்குக் கணக்கில்லை. காமாலை பாதி அதிலேயே இறங்கிவிட்டது.

மறுநாள் காலை அம்மாவின் அலுமினிய இட்லி குண்டானைக் காணவில்லை. "ஏம்பா தம்பி, ஒலகத்துல வேற பாத்திரமே கெடைக்கலையா ஒனக்கு?" என்று அம்மா கத்தியதுதான் மிச்சம். அதற்குள் அதன் வயிற்றில் ஓட்டை விழுந்திருந்தது. டார்ச் லைட்டின் தலைகள் நான்கு பின்பக்கம் குழாய்களாயின. பேனா மூடி, தையல் மெஷின் பாபின், செத்துப்போன ரேடியோவின் குடல் எல்லாம் மேலே ஏறின. உள்ளே பேட்டரி, ஒயர், கோயில் திருவிழா சீரியல் பல்பில் நான்கு. சுவிட்சைப் போட்டால் சிவப்பாக மினுக் மினுக்கென்று எரியும். அது முடிகிற வரை பதினைந்து நாளும் எங்களுக்குக் களியும் கூழும்தான்.

வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். சித்தப்பாவோ என்னைக் கரும்பு மில்லுக்கு அனுப்பிக் கொதிகலன் சாம்பல் அள்ளிவரச் சொன்னார். அதை விளக்கெண்ணெயில் குழைத்து, அத்தனை அழகான கலத்தின் மேல் அப்பு அப்பென்று அப்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "புதுசா இருந்தா பொம்மைன்னு தெரிஞ்சிடும் பாப்பா. அழுக்கு இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க" என்றார். என் மகனிடம் இதைச் சொன்னால், அழுக்கையும் கம்ப்யூட்டரிலேயே போடலாம் என்பான். போடட்டும், யார் வேண்டாம் என்றது.

பிறகு வேப்பங்கிளையில் மீன் பிடிக்கும் நரம்பு கட்டி அதைத் தொங்கவிட்டார். என்னைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு கண்ணை மூடச் சொன்னார். மேற்கே கல்வராயன் மலை நீலமாகக் கிடந்தது. மூடாத கண்ணுக்கு நேராகக் கலத்தை மெதுவாக நகர்த்தினார். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் வீட்டு இட்லி குண்டான் இல்லை அது. மலைக்குப் பின்னாலிருந்து, மலையளவுக்கு, ஊர் ஊராக நிழல் விழ, ஏதோ ஒன்று எங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. எழுந்து ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது சித்தப்பா முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்குத் தெரியாமல் எங்கள் இருவருக்குள்ளும் ஒரு ரகசியம் இருந்தது. படத்தின் முடிவில் கலம் வெடித்துச் சிதறும். மெட்ராஸில் உள்ளே மருந்து வைத்து வெடிப்பார்கள், காமிராவை வேகமாக ஓட்டிப் படம் பிடிப்பார்கள், அப்போதுதான் சின்ன வெடி பெரிய வெடியாகத் தெரியும். குண்டான் திரும்பி வந்துவிடும் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். நானும் சொல்லித் தொலைக்கவில்லை.

எல்லாம் தயாரான நேரத்தில் ஊரே நின்றுபோனது. எங்கள் ஜாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் சாலை மறியலில் உட்கார்ந்துவிட்டார்கள். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. அப்பா வீட்டுக்கு வந்தே நான்கு நாளாயிற்று, அவரும் மறியலில்தான் இருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடம் இல்லை என்பது மட்டும்தான்.

திருக்கோவிலூர் போய்விட்டால் ரயில் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று விசாரிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. சித்தப்பா சைக்கிளைத் துடைத்துவிட்டு, கலத்தைப் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டினார். கலத்தை மடியில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அம்மா என்னைக் கூட அனுப்பினாள். சித்தப்பா ரயிலேறியதும் என்னைத் திருக்கோவிலூரில் அத்தை வீட்டில் விடுவதாகப் பேச்சு. வயசுப் பையன்களைத் தனியாகப் பார்த்தால் போலீஸ் வண்டியில் ஏற்றுகிறது, பெண்பிள்ளை கூட இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று அம்மா போட்ட கணக்கு எனக்கு எப்படித் தெரியும்? என்னைச் சித்தப்பாவின் உதவியாளராக நியமித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

வழியில் எத்தனை மரம் என்று எண்ணி அலுத்துவிட்டது. ஒவ்வொரு மரத்துக்கும் இறங்க வேண்டும், நான் கலத்தைத் தூக்க வேண்டும், அவர் சைக்கிளைத் தூக்க வேண்டும். ஓர் இடத்தில் மறியல்காரர்கள் சூழ்ந்துகொண்டு, அவிழ்த்துக் காட்டினால்தான் விடுவோம் என்றார்கள். காட்டினோம். சுவிட்சைப் போட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒருத்தர், "இது எங்கப்பா போவுது?" என்று கேட்டார். "சந்திரனுக்குங்க" என்றார் சித்தப்பா. "அங்க வேலைக்கு ஆளெடுத்தா நம்மளுக்கு எத்தினி எடம்னு கேட்டுக்கினு வா" என்றார் அவர். அவர்களே சைக்கிளை அலேக்காகத் தூக்கி மரத்தைத் தாண்டி வைத்தார்கள்.

திருக்கோவிலூருக்குக் கொஞ்சம் முன்னால், ஓர் ஏரிக்கரைத் திருப்பத்தில் போலீஸ் நின்றிருந்தது. தூங்கி எத்தனையோ நாளான முகங்கள். சித்தப்பா இறங்கும்போதே மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டதை நான் பார்த்தேன். எதற்கு இந்தப் பணிவு என்று அப்போதே எரிச்சலாக வந்தது. மூட்டையில் என்ன என்று அதிகாரி கேட்டார். "பாத்தரங்க சார். இட்லி குண்டான்" என்றார். அவிழ்த்தார்கள். சாம்பல் அப்பிய உருளை, ஒயர், பேட்டரி. நின்றிருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் போனார்கள்.

"சும்மா புள்ள வெளாட்டுச் சாமான் சார். பொம்மை சார்" என்றார் சித்தப்பா.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பதினைந்து நாள் களி தின்று, சாம்பல் சுமந்து, கலைந்துவிடக் கூடாதென்று தும்மல் வந்தாலும் அடக்கிக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்ததை இந்த மனுஷன் வாய் கூசாமல் பொம்மை என்கிறார். பொம்மை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தானே அத்தனை அழுக்கு?

"பொய் சொல்றாரு சார். இது பொம்மை இல்ல. நெஜம்" என்றேன்.

சித்தப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் உதறினேன். அதிகாரி குனிந்து, குரலைத் தணித்து, நல்ல பிள்ளையாகச் சொல்லு, இது என்ன செய்யும் என்று கேட்டார். இவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தேன். "கடைசியில வெடிக்கும் சார். மெட்ராஸ்ல வச்சி வெடிக்கப் போறாங்க. சின்னதாத்தான் இருக்கும், ஆனா வெடிச்சா பெருசாத் தெரியும்." அதோடு நின்றேனா? நம்பிக்கை வரட்டும் என்று கையை நீட்டிச் சுவிட்சையும் போட்டேன்.

மினுக் மினுக்கென்று சிவப்பு எரிந்ததும் நடந்த ஓட்டத்தை விவரித்து மாளாது. ஒரு போலீஸ்காரர் வாய்க்காலில் விழுந்தார். தொட யாருக்கும் தைரியம் இல்லை. சித்தப்பாவையே தூக்கிக்கொண்டு போய் ஏரியில் வைக்கச் சொன்னார்கள். அவர் கலத்தைப் பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீர் வரை போய், கீழே இறக்கிவைத்தார். தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் எரிந்தது. சாம்பல் கரைந்து மேலே வந்தது. திரும்பி வரும்போது என்னை அவர் பார்க்கவில்லை.

பெயர், ஊர், தகப்பன் பெயர், என்ன ஜாதி என்று கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கும் விண்கலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பதில் வந்ததும் அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த வழியாக வந்த எங்கள் ஊர் வாத்தியாரிடம் என்னையும் சைக்கிளையும் ஒப்படைத்தார்கள். முதலாளியின் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. பத்திரமாக இருக்கட்டும் என்று டிரங்குப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்த புத்திசாலி அவர். அம்மா பெட்டியை உடைத்துக் கடிதத்தை எடுத்து, ஊர் பிரசிடென்டையும் கூட்டிக்கொண்டு அலையாய் அலைந்து, மூன்றாம் நாள் சாயங்காலம் அவரைக் கூட்டி வந்தாள். அந்தத் திங்கட்கிழமை பட்டறையில் வேறு எதையோ வைத்து வெடித்துவிட்டார்கள். சித்தப்பா பெயர் அந்தப் படத்தில் இல்லை, பிறகு எந்தப் படத்திலும் இல்லை.

வந்தவர் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டார். அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அவர் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தாள். காமாலை திரும்பிவிட்டது என்று என்னிடம் சொன்னாள், நானும் நம்பினேன். கோபம் மட்டும் எனக்கு ஆறவே இல்லை. அம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "இப்பவாவது ஒத்துக்கினியா, அது பொம்மை இல்லன்னு?" என்று கேட்டேன்.

சித்தப்பா முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "ஒத்துக்கினேம்மா. ரெண்டாம் நாளு ராத்திரி ஒத்துக்கினேன். நெஜந்தான், வெடிக்கறதுதான்னு சொல்லிட்டேன்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. பள்ளிக்கூடம் திறந்த அன்று, எங்கள் சித்தப்பா கடைசியில் போலீஸிடம் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். சொல்ல வைத்தது நான்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன்.